திருடிய சூத்திரமும் வீங்கிய மின்தேக்கியும்

கணிப்பொறி பழுதுபார்க்கும் கடைகளில் நெடுநாளாக ஒரு கதை உலவி வருகிறது. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் மீது வரிசையாக நிற்கும் சிறு உருளைகளில் இரண்டு மூன்று தலை வீங்கி, உச்சி பிளந்து, பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து நிற்கும். இவ்வுருளைகளே மின்தேக்கிகள். கடைக்காரர்கள் கெபாசிட்டர் என்றோ கண்டென்சர் என்றோ சொல்வார்கள். இவை ஏன் இப்படி வீங்குகின்றன என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை கிடைக்கும். ஜப்பானில் ஒருவர் ஒரு சூத்திரத்தைத் திருடினாராம். திருடும்போது பாதியை விட்டுவிட்டாராம். அந்த அரைகுறைச் சூத்திரத்தால் செய்த மின்தேக்கிகள்தாம் உலகமெங்கும் வெடித்தனவாம்.

கேட்கச் சுவையான கதைதான். நாடு விட்டு நாடு சென்ற திருட்டும், திருடியவருக்குக் கிடைத்த பாடமும் அதில் உண்டு. ஆனால் ஒரு கதை சுவையாக இருப்பது அது மெய்யாக இருப்பதற்குச் சான்றாகாது. இக்கதையில் எவ்வளவு சான்றுள்ளது, எவ்வளவு ஊகம், அதை அப்படியே நம்புவதால் பழுதுபார்ப்பவருக்கும் மாணவருக்கும் என்ன இழப்பு என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கதை எங்கிருந்து வந்தது?

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை விற்பனையான பல மதர்போர்டுகளிலும் மின்வழங்கிகளிலும் அலுமினிய மின்பகுளி மின்தேக்கிகள் காலத்துக்கு முன்பே பழுதாயின. ஆங்கில ஏடுகள் இதனை ‘மின்தேக்கிக் கொள்ளைநோய்’ என்றே குறிப்பிட்டன. 2002-ஆம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவின் மின்னணு உறுப்புத் தொழில் இதழ் ஒன்று திருட்டுக் கதையை வெளியிட்டது. 2003 பிப்ரவரியில் மின்பொறியாளர் சங்கத்தின் ‘ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்’ இதழ் அதை எடுத்தெழுதவே, செய்தி உலகெங்கும் பரவியது.

அச்செய்தியின் சாரம் இதுதான்: ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய அறிவியலாளர் ஒருவர், மின்பகுளியின் கலவை முறையை எடுத்துக்கொண்டு சீனாவில் இயங்கிய வேறொரு நிறுவனத்துக்குச் சென்றார். அங்கிருந்து அம்முறை தைவானைச் சேர்ந்த உற்பத்தியாளர்களின் கைக்குப் போயிற்று. போகும் வழியில் அதிலிருந்த சில துணைப்பொருள்கள் விடுபட்டுப் போயின.

இதில் இரண்டு கூற்றுகள் ஒன்றாகக் கட்டப்பட்டுள்ளன என்பதை மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டும். பழுதான மின்தேக்கிகளில் சேர வேண்டிய பொருள் சேரவில்லை என்பது முதற் கூற்று. அது சேராமற் போனதற்குத் திருட்டே காரணம் என்பது இரண்டாவது. முதலாவதைச் சோதனைக்கூடத்தில் சோதித்து அறியலாம். இரண்டாவதை எந்தச் சோதனைக் குழாயும் சொல்லாது; அதற்கு ஆவணமும் சாட்சியும் வேண்டும். ஏடுகளில் வந்த செய்தியோ பெயர் சொல்லாத சிலரின் வாய்மொழியை நம்பி நின்றது.

மின்தேக்கியின் உள்ளே

முதற் கூற்றைச் சோதிக்க, அந்தச் சிறு உருளையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிய வேண்டும்.

பள்ளியில் நாம் படித்த இணைத்தட்டு மின்தேக்கியில் இரு உலோகத் தட்டுகளும் இடையே ஒரு மின்காப்புப் பொருளும் இருக்கும். தட்டின் பரப்பு கூடினாலும், இடைவெளி குறைந்தாலும் மின்தேக்குதிறன் கூடும். மதர்போர்டில் சாதாரணமாகக் காணப்படும் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை, இடையில் 1 மில்லிமீட்டர் காற்று உள்ள தட்டுகளால் செய்வதானால் எவ்வளவு பெரிய தட்டு வேண்டும்? கணக்கிட்டால் ஒரு தட்டின் பரப்பு ஏறத்தாழ 1,13,000 சதுர மீட்டர் வரும். அதாவது 28 ஏக்கர் நிலம்! அதைச் சுண்டுவிரல் நுனியளவு உருளைக்குள் அடைத்தது எப்படி?

இங்கேதான் வேதியியல் துணைக்கு வருகிறது. அலுமினியத் தாளின் மேற்பரப்பை முதலில் அரித்துக் கரடுமுரடாக்குகிறார்கள். இதனால் கண்ணுக்குத் தெரியும் பரப்பைப் போல் பல மடங்கு உண்மைப் பரப்பு கிடைக்கிறது. பிறகு அதை ஒரு கரைசலில் வைத்து மின்னழுத்தம் கொடுக்க, அதன் மேல் அலுமினிய ஆக்சைடு படிகிறது. இந்த ஆக்சைடுதான் மின்காப்புப் பொருள். கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் வீதம் அது வளரும். 10 வோல்ட்டில் வளர்த்த படலத்தின் தடிமன் 14 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரில் எழுபதாயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை மெல்லிய படலம் இருந்தால், 1000 மைக்ரோஃபாரட் பெற ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான உண்மைப் பரப்பே போதும். 28 ஏக்கர் சுருண்டு ஒரு சிமிழுக்குள் புகுந்தது இவ்வாறுதான்.

மற்றொரு தட்டு எது? இரண்டாவது அலுமினியத் தாள் என்றே பலரும் நினைப்பார்கள். அது வெறும் இணைப்புக்காக இருப்பது. கரடுமுரடான ஆக்சைடின் ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் புகுந்து நின்று எதிர்த்தட்டாகப் பணிபுரிவது மின்பகுளி என்னும் நீர்மமே. இரு தாள்களுக்கும் நடுவே வைத்துச் சுருட்டிய காகிதம் இந்நீர்மத்தில் ஊறியிருக்கும். ஆகவே மின்பகுளி கெட்டால் தட்டே கெட்டதாகும்.

பழைய மின்தேக்கிகளில் எத்திலீன் கிளைக்காலும் போரிக் அமில உப்புகளும் கலந்த மின்பகுளி வழக்கிலிருந்தது. 1990-களில் கணிப்பொறியின் வேகம் கூடியபோது, இன்னும் எளிதாக மின்சாரத்தைக் கடத்தும் மின்பகுளி தேவைப்பட்டது. அதற்கு மலிவான வழி, நீரின் விகிதத்தை உயர்த்துவது. ஆனால் நீருக்கும் அலுமினியத்துக்கும் பகை உண்டு. ஆக்சைடு படலத்தில் சிறு குறை ஏற்பட்டாலும் நீர் உலோகத்தைத் தாக்கி அலுமினிய ஹைட்ராக்சைடாக மாற்றும். கூடவே ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். இதைத் தடுக்கவே மின்பகுளியில் பாஸ்பேட் போன்ற காப்புப் பொருள்களும், உண்டாகும் ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்ளும் பொருள்களும் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. இவை அளவிற் சிறியவை, விலையும் அற்பம். ஆனால் மின்தேக்கியின் ஆயுளே இவற்றைப் பொறுத்திருக்கிறது.

சான்று எதுவரை செல்கிறது?

2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஹில்மன், ஹெல்மோல்ட் ஆகிய இருவர், பழுதான மின்தேக்கிகளைப் பகுத்தாராய்ந்தார்கள். அவற்றில் ஹைட்ரஜன் வாயு இருந்தது. அந்த ஹைட்ரஜனை ஏற்க வேண்டிய துணைப்பொருள்களைத் தேடினார்கள், அவை காணப்படவில்லை. உருளையின் தலை ஏன் வீங்கியது என்பதற்கு இதுவே விளக்கம். உள்ளே திரண்ட வாயு வெளியேற வழியின்றி மேல்மூடியைத் தள்ளுகிறது. மூடியின் மீது குறுக்காக வெட்டியிருக்கும் கோடுகள் அழகுக்காக இட்டவை அல்ல; அழுத்தம் மிகும்போது உருளை குண்டுபோல் வெடிக்காமல், அந்தக் கோட்டில் பிளந்து வாயுவை விடுவதற்காகத்தான் அவை.

ஆக, கதையின் முதற் கூற்றுக்குச் சான்று உண்டு. ஆனால் இந்த ஆய்வு திருட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை; சொல்லவும் இயலாது. துணைப்பொருள் விடுபட்டதற்குத் திருட்டு ஒரு காரணமாக இருக்கலாம். செலவைக் குறைக்க வேண்டுமென்ற அவசரமோ, நீண்டகாலச் சோதனை செய்யாமல் சந்தைக்கு அனுப்பியதோ, அப்பொருள் எதற்காகச் சேர்க்கப்படுகிறது என்ற அறிவின்மையோகூடக் காரணமாகலாம். சோதனைக்கூடத்தின் கண்ணுக்கு இவை யாவும் ஒன்றுபோலவே தோன்றும்.

எங்கள் பகுதி வாசகர்களுக்கு இதை ஓர் உவமையால் விளக்கலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும்போது, குரோம் உப்பைச் சேர்க்குமுன் உப்பும் அமிலமும் கலந்த நீரில் தோலைச் சுழலவிட்டு, அதன் பி.எச். அளவை 3-க்கு அருகே இறக்குகிறார்கள். குரோம் தோலின் நடுப்பகுதி வரை ஊடுருவிய பின்பே சோடியம் பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அதை 4-க்கு அருகே உயர்த்துகிறார்கள். பொருள்களின் பட்டியலை மட்டும் ஒருவர் எழுதிக்கொண்டு போய், பைகார்பனேட்டை முதலிலேயே கொட்டினால் குரோம் மேல்தோலோடு நின்றுவிடும், தோல் பாழாகும். இங்கே அவரைக் கெடுத்தது எது? பட்டியலை எடுத்துச் சென்றதா, அதன் பின்னுள்ள வேதியியலை அறியாததா? பட்டியலை நேர்வழியில் விலைக்கு வாங்கியிருந்தாலும் தோல் பாழாகத்தான் செய்யும்.

கதைக்குப் பொருந்தாத நிகழ்ச்சி

ஒரு கொள்கையை உரைத்துப் பார்க்கச் சிறந்த வழி, அதற்குப் பொருந்தாத நிகழ்ச்சியைத் தேடுவதாகும். திருட்டுக் கதைக்கு அப்படிப்பட்ட நிகழ்ச்சி தொலைவில் இல்லை.

அமெரிக்காவின் டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை, பழுதாகும் வாய்ப்புள்ள மின்தேக்கிகளைக் கொண்ட கணிப்பொறிகள் குறைந்தது 1 கோடியே 18 இலட்சத்தை அனுப்பியது. வழக்கொன்றில் 2010-ஆம் ஆண்டு வெளியான ஆவணங்களைக் கொண்டு ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் இதை எழுதியது. இக்கணிப்பொறிகளைச் சரிசெய்யும் செலவுக்காக 2005-ல் அந்நிறுவனம் 30 கோடி டாலர் ஒதுக்கியது. டெக்ஸாஸ் பல்கலைக்கழகக் கணிதத்துறையின் கணிப்பொறிகள் பழுதானபோது, கடினமான கணக்குகளைக் கொடுத்து நீங்கள்தாம் அவற்றைக் களைப்படையச் செய்துவிட்டீர்கள் என்று நிறுவனம் காரணம் கூறியதாகவும் அந்நாளிதழ் குறிப்பிட்டது. கணக்கிடுவதற்காகவே பிறந்த பொறி கணக்கால் செத்தது என்ற விளக்கத்தைக் கணித ஆசிரியர்களிடமே சொன்ன துணிவை என்னவென்பது!

நமக்கு இங்கே முக்கியமானது வேறு. அக்கணிப்பொறிகளில் பழுதான மின்தேக்கிகள் தைவானின் மலிவுச் சரக்கு அல்ல. நற்பெயர் பெற்ற ஜப்பானிய நிறுவனமான நிச்சிக்கான் செய்தவை. அவை பழுதானதற்கு, உள்ளே மின்பகுளி அளவுக்கு மீறி நிரப்பப்பட்டது காரணமெனக் கூறப்பட்டது. ஆகவே சூத்திரத் திருட்டு இந்நிகழ்ச்சியை விளக்கவில்லை. ‘கொள்ளைநோய்’ என்று ஒரே பெயரால் அழைக்கப்பட்டவை உண்மையில் ஒரே நோய் அல்ல. ஓரிடத்தில் கலவையில் குறை. ஓரிடத்தில் நிரப்பும் அளவில் குறை. வேறிடத்தில் நல்ல மின்தேக்கியையே சூடான மூலையில் நிறுத்திய வடிவமைப்பின் குறை. காய்ச்சல் என்ற ஒரு சொல்லால் மலேரியாவையும் டைஃபாய்டையும் குறிப்பது போன்றது இது.

எண்பது டிகிரியில் ஒரு வாழ்க்கை

வடிவமைப்பின் குறை என்றோம். அதை உணர மின்தேக்கிக்கு மதர்போர்டில் என்ன வேலை என்பதைக் காண வேண்டும். 2004-ல் வந்த பென்டியம் 4 வகைகளிற் சில 100 வாட்டுக்கு மேல் செலவிட்டன. அவற்றுக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தமோ ஏறத்தாழ 1.4 வோல்ட். அப்படியானால் மின்னோட்டம் 70 ஆம்பியருக்கு மேல்! நம் வீட்டில் பெரிய கருவிகளுக்கான பிளக்கின் அளவே 16 ஆம்பியர்தான். மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட்டை நொடிக்கு இலட்சக்கணக்கான முறை திறந்து மூடி 1.4 வோல்ட்டாக்குகிறார்கள். அவ்வாறு துண்டு துண்டாக வரும் மின்சாரத்தைச் சீராக்குவதே செயலகத்தைச் சுற்றி நிற்கும் மின்தேக்கிகளின் வேலை. ஏரியிலிருந்து மடை திறந்து விடும் நீரைக் குட்டையில் தேக்கிச் சீராக வயலுக்குப் பாய்ச்சுவது போன்றதென்று கொள்ளலாம்.

இந்த வேலையில் மின்தேக்கியின் உட்புறத் தடை குறுக்கே நிற்கிறது. மின்பகுளி, தாள், கம்பி இவற்றின் தடைகள் யாவும் சேர்ந்து, மின்தேக்கியோடு தொடரில் வைத்த ஒரு சிறு மின்தடைபோல் நடந்துகொள்ளும். தொழிலில் இதனை இ.எஸ்.ஆர். என்பார்கள். நல்ல மின்தேக்கியில் அது 0.02 ஓம் என்றும், அதன் வழியே 2 ஆம்பியர் ஏறியிறங்கும் மின்னோட்டம் செல்கிறதென்றும் கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் 0.08 வாட். மின்பகுளி கெட்டுத் தடை 0.2 ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 0.8 வாட். அந்தச் சிறு உருளைக்கு இது பெருஞ்சூடு. சூடு ஏற ஏற மின்பகுளி மேலும் கெடும். கெடக் கெடத் தடை கூடும். தடை கூடச் சூடு இன்னும் ஏறும். இந்தச் சுழலில் சிக்கிய மின்தேக்கி மீள்வதில்லை. கணிப்பொறி காரணமின்றி நின்று நின்று எழும். காலையில் உடனே கிளம்ப மறுக்கும். வேலையின் நடுவே உறைந்து நிற்கும்.

மின்தேக்கியின் மேல் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அந்த வெப்பநிலையில் 2000 மணி நேரம் உழைக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 10 டிகிரி குறையும்தோறும் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொறியாளர்கள் கையாளும் விதி. 65 டிகிரியில் அது 32,000 மணி. நாளொன்றுக்கு 8 மணி வீதம் ஆண்டுக்கு 300 நாள் என்றால் 13 ஆண்டுகள். 85 டிகிரியிலோ 8000 மணிதான்; மூன்றேகால் ஆண்டில் முடிந்துவிடும்.

வேலூர், திருப்பத்தூர்ப் பகுதியின் கத்திரி வெயிலில் அறையின் வெப்பமே 40 டிகிரியைத் தொடும். காற்றோட்டமற்ற பெட்டி, தூசி அடைத்த விசிறி, பக்கத்தில் கொதிக்கும் செயலகம் இவற்றைக் கூட்டினால், குளிரூட்டிய அறையில் 65 டிகிரியில் வாழ்ந்திருக்க வேண்டிய மின்தேக்கி இங்கே 80 டிகிரியில் வாழ்கிறது. அதன் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிறது. இதற்கு ஜப்பானில் எவரும் எதையும் திருட வேண்டியதில்லை.

தோல் பதனிடும் இடங்களின் அருகே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்புடன் சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும். அத்தகைய இடத்து அலுவலகக் கணிப்பொறி நின்றுபோனால் மின்தேக்கியை மட்டும் குற்றவாளியாக்குவது தவறு. இணைப்பு முனைகள் கறுத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரே காரணத்தை முன்கூட்டியே மனத்தில் வைத்திருப்பவர் கண்ணில் மற்றக் காரணங்கள் படுவதில்லை.

கதையால் வரும் கேடு

கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிலர் கூறலாம். ஆனால் அக்கதை பழுதுபார்க்கும் மேசையின் மீது தவறான பழக்கங்களாக உருவெடுக்கிறது.

முதலாவது, பெயரைப் பார்த்து மதிப்பிடும் பழக்கம். ஜப்பானியப் பெயர் அச்சிட்டிருந்தால் நல்லது, மற்றவை கெட்டவை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். டெல் நிகழ்ச்சி ஒன்றே இதை மறுக்கப் போதுமானது. மேலும், உருளையைச் சுற்றியிருப்பது வெறும் பிளாஸ்டிக் உறை. அதில் எந்தப் பெயரையும் அச்சிடலாம்.

இரண்டாவது, வீக்கத்தை மட்டும் தேடும் பழக்கம். வீங்கியது கெட்டது என்பது உண்மை. வீங்காதது நல்லது என்பது உண்மையன்று. மின்பகுளி அடிப்புற ரப்பர் அடைப்பின் வழியே மெல்ல உலர்ந்துபோன மின்தேக்கி, தலை தட்டையாகவே இருக்க, உள்ளே இ.எஸ்.ஆர். பல மடங்கு ஏறி நிற்கும். சாதாரண மல்டிமீட்டர் மின்தேக்குதிறனைத்தான் காட்டும். இந்தத் தடையைக் காட்டாது.

மூன்றாவது, அளவு ஒத்திருந்தால் எதையும் வைத்துவிடும் பழக்கம். 1000 மைக்ரோஃபாரட்டுக்குப் பதில் 1000 மைக்ரோஃபாரட் என்று 85 டிகிரி சாதாரண வகையைப் பற்றவைத்தால், அது நெடுநாள் நிற்காது. பின்னர் பழி மறுபடியும் திருட்டுச் சூத்திரத்தின் மேல் விழும்.

சரியான முறை கடினமானதன்று. புதிய மின்தேக்கியின் மின்தேக்குதிறன் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். மின்னழுத்த அளவு சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 105 டிகிரி, குறைந்த இ.எஸ்.ஆர். வகையாக இருக்க வேண்டும். உருளையின் விட்டமும் கால்களின் இடைவெளியும் பலகையில் பொருந்த வேண்டும். கழற்றுமுன் எதிர்முனைக் கோடு எப்பக்கம் இருந்தது என்று படம் எடுத்துக்கொள்வது நல்லது. திருப்பி வைத்த மின்தேக்கி வெடிக்கக்கூடும்.

மதர்போர்டு பல அடுக்குச் செம்புத் தகடுகளைக் கொண்டது. 25 வாட் சால்டரிங் அயர்னை வைத்தால் அதன் சூட்டை இச்செம்பு முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் உருகாது. பொறுமையிழந்து இழுத்தால் துளையின் உட்பூச்சு பெயர்ந்து பலகையே வீணாகும். 50, 60 வாட் அயர்ன் வேண்டும். 2006-க்குப் பிந்தைய பலகைகள் பெரும்பாலும் காரீயம் கலவாத பற்றாசு கொண்டவை. அது ஏறத்தாழ 217 டிகிரியில்தான் உருகும். வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு கலந்த பழைய வகைக்கு 183 டிகிரி போதும். ஆகவே இணைப்பின் மீது சிறிது பழைய வகை ஈயத்தை முதலில் சேர்த்தால் இரண்டும் கலந்து எளிதில் இளகும். பிறகு ஒரு காலைச் சூடாக்கிச் சற்றே சாய்த்து, அடுத்த காலைச் சூடாக்கி, மாறி மாறி மெல்ல வெளியே எடுக்க வேண்டும். துளையை உறிஞ்சியால் சுத்தம் செய்து, கசிந்த மின்பகுளியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்து, முடிந்ததும் கையைக் கழுவுவது அவசியம்.

ஓர் எச்சரிக்கை. இத்தனையும் மதர்போர்டுக்கே பொருந்தும். மின்வழங்கிப் பெட்டிக்கு அல்ல. அதனுள் உள்ள பெரிய மின்தேக்கியில் 230 வோல்ட்டின் உச்ச அளவான 325 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். பயிற்சியற்றவர் அதைத் திறக்கலாகாது.

வகுப்பறையின் பங்கு

இக்கதை இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் கடைக்காரரைக் குறை சொல்வது நியாயமாகாது. இயற்பியல் கற்பிக்கும் எங்களுக்கும் அதில் பங்குண்டு. மாணவர் வகுப்பில் சந்திக்கும் மின்தேக்கிக்குத் தடை இல்லை, சூடு இல்லை, வயதும் இல்லை. அது என்றும் இளமை மாறாத தேவலோகத்துப் பொருள். அதன் கணக்குகளை நூற்றுக்கு நூறு போடும் மாணவர், வீங்கிய மின்தேக்கியைக் கண்டதும் திகைக்கிறார். படித்த கொள்கை கைகொடுக்காத இடத்தில் கதை வந்து அமர்ந்துகொள்கிறது. கேமராவின் ஒளிவிளக்கிலும் இதயத்துக்கு அதிர்வு கொடுக்கும் கருவியிலும் மின்தேக்கி பயன்படுகிறது என்று பாடநூல் பட்டியலிடுகிறது, நல்லதுதான். ஆனால் அது எப்படிச் சாகிறது என்பதையும் ஒரு பக்கத்தில் சேர்த்தால், மின்னியலும் வேதியியலும் வெப்பவியலும் ஒரே உருளையில் சந்திப்பதை மாணவர் காண்பார்.

இதற்குப் புதிய கருவிகள் தேவையில்லை. கல்லூரி ஆய்வகத்தில் உள்ள அலைவு இயற்றியின் வெளியீட்டுத் தடை பொதுவாக 50 ஓம். அதை 100 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 10 வோல்ட் அளவுக்கு வைத்து, வெளியீட்டின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்து, அதன் முனைகளில் மிஞ்சும் மின்னழுத்தத்தை அலைநோக்கியில் பாருங்கள். அந்த அதிர்வெண்ணில் மின்தேக்கியின் மறுப்பு 0.002 ஓமுக்கும் குறைவு. அதனால் தெரிவது பெரும்பாலும் இ.எஸ்.ஆர். மட்டுமே. 0.02 ஓம் உள்ள நல்ல மின்தேக்கி 4 மில்லிவோல்ட் காட்டும். 1 ஓம் ஆகிவிட்ட கெட்ட மின்தேக்கி ஏறத்தாழ 200 மில்லிவோல்ட் காட்டும். ஐம்பது மடங்கு வேறுபாடு! வீங்காத தலையைக் கண்டு ஏமாறாமல், உள்ளே இருக்கும் நோயை ஒரு மாணவர் தம் கையால் அளந்துவிடலாம். பழைய பொருள் கடையில் எடைக்குப் போடும் மதர்போர்டுகளே இதற்குப் போதிய மாதிரிகளைத் தரும்.

2000-களின் பிற்பகுதியிலிருந்து மதர்போர்டுகளில் நீர்மம் அற்ற திண்ம பாலிமர் மின்தேக்கிகள் பரவிவிட்டன. ஆகவே வீங்கிய மின்தேக்கியைப் புதிய பலகைகளில் காண்பது அரிது. எனினும் மின்வழங்கிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் பல எல்.இ.டி. விளக்குகளிலும் பழைய நீர்ம வகையே உழைத்து வருகிறது. விளக்கு நின்றதும் பலரும் எல்.இ.டி. எரிந்துவிட்டது என்கிறார்கள். பல வேளைகளில் எல்.இ.டி. நலமாகவே இருக்கும், சூட்டில் உலர்ந்தது அதன் மின்தேக்கிதான்.

சில ரூபாய் விலையுள்ள ஓர் உறுப்புக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பலகையைக் குப்பையில் போடுவதா, மாற்றிப் பயன்படுத்துவதா என்பது ஒரு கிராமப் பள்ளிக்கோ சிறு டி.டி.பி. கடைக்கோ சிறிய கேள்வி அன்று. அதற்குச் சரியான விடை காண, யார் திருடினார் என்பது தெரிய வேண்டியதில்லை. எந்தத் தடை ஏறியது, எவ்வளவு சூடேறியது, எந்தப் பொருள் தீர்ந்தது என்பவை தெரிய வேண்டும். திருட்டுக் கதை குற்றவாளியைக் காட்டிவிட்டு விசாரணையை முடித்துவிடுகிறது. இயற்பியலுக்கோ விசாரணை அங்கேதான் தொடங்குகிறது. அடுத்த முறை இக்கதையை யாரேனும் சொன்னால் மறுக்க வேண்டாம். அந்த மின்தேக்கியின் இ.எஸ்.ஆர். எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.